ரேடியஸ்: வட்டத்தின் ஆரமும் முன்கை எலும்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குப் புத்தகத்திலும் ரேடியஸ் வருகிறது, எக்ஸ்ரே ரிப்போர்ட்டிலும் ரேடியஸ் வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், நர்சிங் மற்றும் பிசியோதெரபி மாணவர்கள், கை முறிந்தவரைக் கூட்டிக்கொண்டு அலையும் வீட்டார், வளைவு கட்டும் கொத்தனார், லேத் பட்டறைக்காரர் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

ரேடியஸ் என்றால் என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வடிவியலில், வட்டத்தின் மையத்திலிருந்து அதன் விளிம்பு வரை உள்ள தூரம். விளிம்பில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் இந்தத் தூரம் மாறாது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ஆரம் என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் ஆரை என்கின்றன.

உடற்கூறியலில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் இருப்பது. ஆர எலும்பு, ஆரை எலும்பு என்று எழுதுவார்கள். மருத்துவமனையில் பேச்சில் ரேடியஸ்தான். சுண்டுவிரல் பக்கம் இருக்கும் மற்ற எலும்பு அல்னா. கைக்கு ஒன்றாக உடம்பில் இரண்டு ரேடியஸ் எலும்புகள்.

இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

லத்தீனில் ரேடியஸ் என்றால் கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் என்று பல பொருள். நெய்கிறவர்களின் நாடாவுக்கும் அதே சொல்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பற்றி எழுதிய செல்சஸ் இந்த எலும்பை ரேடியஸ் என்றே குறிப்பிட்டு, கிரேக்கர்கள் இதைக் கெர்கிஸ் என்பார்கள் என்கிறார். கெர்கிஸ் என்பதும் தறியில் பயன்படும் கோல்தான். வட்டத்துக்கு இந்தப் பெயர் ஏற்பட்டது மிகவும் பிந்தித்தான். பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடிடம் ஆரத்துக்குத் தனிச்சொல் கிடையாது, 'மையத்திலிருந்து வரும் கோடு' என்றுதான் எழுதுகிறார். வடமொழிக் கணித நூல்களில் 'வியாசார்த்தம்', அதாவது அரை விட்டம்.

ஆரம் என்பது கோடா, நீளமா?

இரண்டுக்கும் அந்தச் சொல் செல்லும். 'ஆரம் 7 செ.மீ.' என்றால் நீளம். 'ஓர் ஆரத்தை வரை' என்றால் மையத்தையும் விளிம்பையும் சேர்க்கும் கோட்டுத்துண்டு. ஒரு வட்டத்தில் வரையக்கூடிய ஆரக்கோடுகளுக்கு எண்ணிக்கை இல்லை, ஆர அளவு ஒன்றே ஒன்று. 'தொடுபுள்ளிக்கு வரையப்பட்ட ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து' என்ற தேற்றத்தில் பேசப்படுவது கோடு. பரப்பளவுச் சூத்திரத்தில் பேசப்படுவது நீளம்.

ஆரம் தெரிந்தால் என்னவெல்லாம் கணக்கிடலாம்?

விட்டம் = 2 × ஆரம். சுற்றளவு = 2 × பை × ஆரம். பரப்பளவு = பை × ஆரம் × ஆரம். பை என்பது 3.1416, பள்ளிக் கணக்குக்கு 22/7 போதும். பழைய தமிழ்க் கணக்கு முறையில் பரப்பைச் 'சுற்றில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு' என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் இதே சூத்திரந்தான்: சுற்றில் பாதி என்பது பை × ஆரம், விட்டத்தில் பாதி என்பது ஆரம்.

கணக்கில் அதிகமாக எங்கே பிழை வருகிறது?

விட்டத்தை ஆரம் என்று போட்டுவிடுவதில். சுற்றளவில் இப்படிச் செய்தால் விடை இரண்டு மடங்காகும். பரப்பிலும் உருளைத் தொட்டியின் கொள்ளளவிலும் நான்கு மடங்காகிவிடும், ஏனென்றால் அங்கே ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது.

சிமெண்ட் உறை இறக்கிய தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 4 அடி. ஆரம் 2 அடி. ஓர் அடி ஆழத்துக்கு 3.1416 × 2 × 2 = 12.57 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 356 லிட்டர். ஆரம் என்ற இடத்தில் 4 போட்டால் 1,423 லிட்டர் என்று வரும். அந்தக் கணக்கை நம்பி மோட்டார் ஓட்டினால் தண்ணீர் வழியும். இதே தொட்டி 3 அடி உறையாக இருந்தால் ஓர் அடிக்கு 200 லிட்டர்தான். ஓர் அடி விட்டம் கூடியதற்கே கொள்ளளவு முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. உறை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் அளவு உள்விட்டமா வெளிவிட்டமா என்று கட்டாயம் கேளுங்கள். உறையின் கனம் இரண்டு பக்கமும் சேர்ந்து கழியும்.

'5 கிலோமீட்டர் ரேடியஸுக்குள் டெலிவரி' என்றால் சாலைத் தூரமா?

ரேடியஸ் என்று சொன்னாலே நேர்கோட்டுத் தூரந்தான். கடையை மையமாக வைத்து வட்டம் போட்டால் 78.5 சதுர கிலோமீட்டர் பரப்பு உள்ளே வரும். சாலை வழியாகப் போனால் அந்த வட்டத்துக்குள்ளேயே சில வீடுகள் 7, 8 கிலோமீட்டரில் இருக்கலாம். நடுவே ஆறோ ரயில் பாதையோ இருந்தால் இன்னும் கூடும். ரேடியஸை 10 ஆக்கினால் பரப்பு 314 சதுர கிலோமீட்டர், அதாவது நான்கு மடங்கு. வேலைக்கு ஆள் இரண்டு மடங்கு போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

மையம் தெரியாத வட்டத்துக்கு ஆரம் காண்பது எப்படி?

சுற்றி அளக்க முடிந்தால் அதுவே சுலபம். நூலையோ டேப்பையோ ஒரு சுற்று சுற்றி, வந்த அளவை 6.283 ஆல் வகுத்தால் ஆரம். நீளாத நூலாக எடுங்கள். குழாய் சிறியது என்றால் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றிப் பத்தால் வகுத்தால் பிழை குறையும். நூல் தடிமனாக இருந்தால் அதன் பாதிக் கனம் ஆரத்தோடு சேர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மையமே வேண்டும் என்றால் விளிம்பில் இரண்டு நாண்கள் (விளிம்பின் இரு புள்ளிகளைச் சேர்க்கும் நேர்கோடுகள்) வரைந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் செங்குத்துக் கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம் மையம். நாண்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக அமையட்டும். இரண்டும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் நடுக்கோடுகள் மிகச் சிறிய கோணத்தில் வெட்டும். பென்சில் கோட்டின் தடிமனே மையத்தைப் பல மில்லிமீட்டர் தள்ளிவிடும்.

மூலைமட்டம் கையில் இருந்தால் இன்னும் வேகமாக முடியும். அதன் செங்கோண முனையை விளிம்பின் மீது வையுங்கள். இரண்டு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களைக் குறித்து இணைத்தால் அது விட்டம். இன்னோர் இடத்தில் வைத்து இன்னொரு விட்டம் போட்டால் மையம் கிடைத்துவிடும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தின் நேரடிப் பயன் இது.

முழு வட்டம் இல்லை, வில் மட்டுந்தான் இருக்கிறது. அப்போது?

ஆர்ச் வைத்த ஜன்னல், கேட், சாலை வளைவு எல்லாம் இந்த வகை. இரண்டு அளவு போதும்: வில்லின் இரு முனைகளுக்கு நடுவே நேராக உள்ள அகலம், அந்த அகலக் கோட்டின் நடுவிலிருந்து வில்லின் உச்சி வரை உள்ள உயரம்.

ஆரம் = (அகலம் × அகலம்) ÷ (8 × உயரம்) + (உயரம் ÷ 2)

அகலம் 120 செ.மீ., உயரம் 20 செ.மீ. என்றால் 14,400 ÷ 160 = 90; அதோடு 10 சேர்த்தால் ஆரம் 100 செ.மீ. ஆணியை உச்சியிலிருந்து 100 செ.மீ. கீழே அடித்து, கயிறு கட்டிச் சுழற்றினால் வில் இரு முனைகளையும் சரியாகத் தொடும்.

இதில் கவனிக்க வேண்டியது உயரத்தை அளக்கும் துல்லியம். மேலே சொன்ன ஜன்னலில் உயரத்தை 1 செ.மீ. குறைத்து 19 என்று அளந்தால் ஆரம் 104.2 ஆகிறது. பரவாயில்லை, சமாளிக்கலாம். அதே அகலத்தில் 5 செ.மீ. மட்டும் எழும்பும் தட்டையான வில்லாக இருந்தால் ஆரம் 362.5 செ.மீ. அங்கே 5 என்பதை 4 என்று அளந்தால் 452 செ.மீ. வரும். ஒரு சென்டிமீட்டர் தவறுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் விலை. தட்டையான வளைவுகளில் உயரத்தை மில்லிமீட்டர் வரை அளக்க வேண்டும், அகலத்தையும் முடிந்தவரை பெரிதாக எடுக்க வேண்டும். இன்னொன்று: வில் உண்மையிலேயே வட்டத்தின் துண்டாக இருந்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும். கண்ணளவில் வளைத்த கம்பிக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் ஆரம் வரும்.

முக்கோணத்துக்கும் ஆரம் உண்டா?

முக்கோணத்தோடு சேர்ந்த இரண்டு வட்டங்களுக்கு உண்டு. மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடுவது உள்வட்டம்; அதன் ஆரம் = பரப்பளவு ÷ அரைச் சுற்றளவு. மூன்று முனைகள் வழியாகவும் போவது சுற்றுவட்டம்; அதன் ஆரம் = மூன்று பக்கங்களின் பெருக்கல் ÷ (4 × பரப்பளவு). 3, 4, 5 முக்கோணத்தில் பரப்பு 6, அரைச் சுற்றளவு 6. உள் ஆரம் 1. சுற்று ஆரம் 60 ÷ 24 = 2.5, கர்ணத்தில் சரிபாதி.

ஒழுங்கு அறுகோணத்தில் பக்கமும் சுற்று ஆரமும் சமம். அதனால்தான் கவராயத்தில் வட்டம் போட்ட பிறகு அதே விரிவில் விளிம்பைச் சுற்றிக் குறித்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழுகின்றன.

பூமியின் ஆரம் எவ்வளவு?

நிலநடுக்கோட்டில் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். பூமி முழு உருண்டை இல்லாததால் ஒரே எண் கிடையாது. சராசரியாக 6,371 என்று எடுத்துக்கொள்வார்கள். நீள்வட்டத்துக்கும் இதே நிலைதான்.

கார் விவரத்தில் வரும் 'டர்னிங் ரேடியஸ் 4.8 மீட்டர்' என்பது?

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து வட்டமடித்தால் வெளிப்பக்க முன்சக்கரம் போடும் வட்டத்தின் ஆரம். ஒரே வீச்சில் திரும்ப 9.6 மீட்டர் அகலம் வேண்டும். பம்பர் சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும், அதற்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். சுவர் ஓரத்தில் இடிப்பது சக்கரம் அல்ல, பம்பரின் மூலைதான். சிலர் விட்டத்தைக் குறித்து 'டர்னிங் சர்க்கிள்' என்று போடுவார்கள், 9 அல்லது 10 என்று எண் பெரிதாக இருந்தால் அது விட்டம் என்று புரிந்துகொள்ளலாம்.

இனி எலும்பு. என் கையில் ரேடியஸ் எங்கே இருக்கிறது?

இடது முன்கையை மேசைமேல் உள்ளங்கை தெரிய வையுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு மேடு தட்டுப்படும். அது மேற்கை எலும்பின் பகுதி. அதிலிருந்து ஒரு விரற்கடை மணிக்கட்டை நோக்கி இறங்கி, பின்பக்கமாகச் சற்று அழுத்துங்கள். இப்போது உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, மறுபடி மலர்த்துங்கள். விரலுக்கு அடியில் வட்டமாக ஒன்று உருள்வது தெரியும். அதுதான் ரேடியஸின் தலை. அங்கிருந்து கீழே வந்தால் பாதி வழி வரை தசை மூடியிருக்கும், எலும்பு நேராகத் தட்டுப்படாது. மணிக்கட்டுக்கு மேல் நான்கு விரற்கடையில் மறுபடி கைக்கு வரும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் முனையாக முடிவது ஸ்டைலாய்டு நீட்சி.

அல்னாவை அறிவது இன்னும் சுலபம். முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு மேடு வரை தோலுக்கு அடியிலேயே ஒரு வரப்பாக ஓடும். ரேடியஸ் மேலே சிறுத்து மணிக்கட்டில் அகலமாகிறது. அல்னா நேர்மாறு: முழங்கையில் பருத்து, மணிக்கட்டில் சிறுத்துவிடும். 'தலை' என்று பெயர் பெற்ற பகுதியும் ரேடியஸில் முழங்கைப் பக்கம், அல்னாவில் மணிக்கட்டுப் பக்கம். தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இது.

கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் உள்பக்கம் வந்துவிடுகிறதே, பிறகு ஏன் ரேடியஸை வெளிப்பக்க எலும்பு என்கிறார்கள்?

உடற்கூறியலில் எல்லா விவரிப்பும் ஒரே நிலையை வைத்துத்தான்: நேராக நின்று, உள்ளங்கை முன்னால் தெரிய, கட்டைவிரல் உடம்பை விட்டு வெளியே இருக்கும் நிலை. அந்த நிலையில் ரேடியஸும் அல்னாவும் பக்கத்தில் பக்கமாக நிற்கின்றன.

உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அல்னா பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரேடியஸின் தலை அதே இடத்தில் சுழல, கீழ்முனை அல்னாவைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். இரண்டு எலும்பும் பெருக்கல் குறிபோல் குறுக்கே அமைகின்றன. தலையைச் சுற்றி வளைய நார் ஒன்று பிடித்திருப்பதால் அது விலகாமல் சுழல்கிறது. சுழற்சி அச்சு ரேடியஸ் தலையின் நடுவிலிருந்து மணிக்கட்டில் உள்ள அல்னா தலை வரை சாய்வாகப் போகிறது. மலர்த்தும் வேலையைப் பைசெப்ஸ், சூப்பினேட்டர் தசைகளும், கவிழ்க்கும் வேலையை இரண்டு புரோனேட்டர் தசைகளும் செய்கின்றன. திருகாணியை வலது கையால் இறுக்குவது மலர்த்தும் அசைவு. பைசெப்ஸ் அதில் சேர்வதால், பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கு இறுக்குவதில் பலம் அதிகம்.

தனி எலும்பைக் கையில் கொடுத்தால் வலதா இடதா என்று எப்படிச் சொல்வது?

முதலில் மேல் கீழ்: தட்டு வடிவத் தலை மேலே, அகலமான முனை கீழே. அடுத்து முன் பின்: கீழ்முனையில் வழவழப்பாகச் சற்றே குழிந்த பக்கம் முன்புறம்; பள்ளங்களும் லிஸ்டர் மேடு என்ற சிறு புடைப்பும் உள்ள பக்கம் பின்புறம். கட்டைவிரலை நீட்டும் தசைநாண் அந்த மேட்டைச் சுற்றித்தான் திரும்புகிறது. கடைசியாகப் பக்கம்: தலைக்குக் கீழே கழுத்தைத் தாண்டிப் பைசெப்ஸ் ஒட்டும் புடைப்பும், தண்டின் கூரிய ஓரமும் உடம்பைப் பார்க்கும் பக்கம், ஸ்டைலாய்டு வெளிப்பக்கம். முன்புறத்தை முன்னால் வைத்து உங்கள் உடம்போடு சேர்த்துப் பிடித்தால், ஸ்டைலாய்டு எந்தக் கையின் வெளிப்பக்கம் விழுகிறதோ அந்தக் கை.

நாடி பார்க்கும் இடத்துக்கும் ரேடியஸுக்கும் என்ன தொடர்பு?

அந்தத் துடிப்பே ரேடியல் தமனியுடையது. மணிக்கட்டின் முன்பக்கம், கட்டைவிரல் ஓரத்தில் அது ரேடியஸின் கீழ்முனை மீது படுத்துப் போகிறது. அடியில் கெட்டியான எலும்பு இருப்பதால்தான் விரலால் அழுத்தித் துடிப்பை உணர முடிகிறது. சித்த மருத்துவர் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பதும் இதே இடத்தில்தான். நீங்கள் எண்ணும்போது இரண்டு விரல் போதும். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பு குழப்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். இன்று ஆஞ்சியோகிராம் செய்யக் குழாய் விடுவதும் பெரும்பாலும் இந்தத் தமனி வழியாகத்தான்.

கீழே விழுந்தால் ஏன் இந்த எலும்பே முதலில் முறிகிறது?

வழுக்கும்போது யாரும் யோசிக்காமல் கையை ஊன்றுகிறோம். உள்ளங்கையில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ரேடியஸ் வழியாகப் போகிறது, அல்னாவுக்கு மீதிதான். ரேடியஸின் கீழ்முனை அகலமானது, ஆனால் உள்ளே பஞ்சு போன்ற எலும்பு. மேலோடும் அங்கே மெல்லியது. மணிக்கட்டுக்கு மேல் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் முறிவு விழுகிறது.

உடைந்த துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்தால் கோலிஸ் முறிவு. டப்ளினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814இல் எக்ஸ்ரே இல்லாத காலத்திலேயே இதை விவரித்தார். பக்கவாட்டில் பார்த்தால் மணிக்கட்டு கவிழ்த்த முள்கரண்டி வடிவில் தெரியும். துண்டு உள்ளங்கைப் பக்கம் சாய்ந்தால் ஸ்மித் முறிவு. தொட்டறிய ஓர் அடையாளம்: சாதாரணமாக ரேடியஸ் ஸ்டைலாய்டு, அல்னா ஸ்டைலாய்டைவிட ஏறக்குறைய 1 செ.மீ. கீழே இருக்கும். முறிந்து ரேடியஸ் குட்டையானால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

மாதவிடாய் நின்ற பெண்கள் நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே இங்கே முறிவு ஏற்பட்டால், கட்டுப் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு எலும்பு முறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை இது. அதைக் கவனிக்காமல் விடுவதால் ஏற்படும் துன்பம் மிகப் பெரியது.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் வரும் எண்கள் என்ன சொல்கின்றன?

மூன்றைப் பார்ப்பார்கள். கீழ்முனைப் பரப்பு அல்னா பக்கம் சரியும் கோணம் சாதாரணமாக 22 அல்லது 23 டிகிரி. ஸ்டைலாய்டு முனை அல்னா பக்கப் பரப்பைவிட நீண்டிருக்கும் அளவு 11, 12 மி.மீ. பக்கவாட்டுப் படத்தில் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கம் சாயும் கோணம் சுமார் 11 டிகிரி. எலும்பைச் சேர்த்து வைத்த பிறகும் 3 மி.மீ.க்கு மேல் குட்டையாகவோ, புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்தோ, மூட்டுப் பரப்பில் 2 மி.மீ.க்கு மேல் படி விழுந்தோ இருந்தால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். வயது, எந்தக் கை, என்ன வேலை என்பதெல்லாம் சேர்த்து முடிவாகும். வயதானவர்களில் படம் கோணலாக இருந்தும் கை நன்றாக வேலை செய்வது உண்டு.

கட்டுப் போட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் இரண்டு நாள் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்டுங்கள். தோளையும் முழங்கையையும் அசைத்துக்கொண்டே இருங்கள். பெரியவர்களுக்குக் கட்டு பொதுவாக 5, 6 வாரம், சிறுவர்களுக்கு 3, 4 வாரம். முதல் இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து கட்டு தளரும்போது எலும்பு நகரக்கூடும். மறு எக்ஸ்ரேவுக்கு அப்போது கூப்பிடுவது அதற்காகத்தான், அதைத் தவறவிட வேண்டாம்.

விரல் மரத்துப்போவது, வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, விரலை மற்றவர் நீட்டிவிட்டாலே தாங்காத வலி, மாத்திரைக்கு அடங்காமல் ஏறும் வலி. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் செத்துவிடும், பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டும் முறையில் இந்த ஆபத்து அதிகம். மாவுக்கட்டிலும் ஏற்படலாம்.

குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தேன், அதிலிருந்து கையைத் தூக்க மறுக்கிறது.

நான்கு, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இது அடிக்கடி நடக்கும். சாலையில் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது, மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிச் சுற்றுவது போதும். ரேடியஸ் தலையைச் சுற்றியுள்ள வளைய நார் இழுபட்டு மூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. குழந்தை கையைச் சற்று மடக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்தபடி உடம்போடு ஒட்டி வைத்திருக்கும்; வீக்கம் இருக்காது. மருத்துவர் முன்கையை ஒரு திருப்பு திருப்பினால் 'டிக்' என்று அமரும். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் குழந்தை பொம்மையை நீட்டி வாங்கும். எண்ணெய் தடவி உருவக் கூடாது. வீக்கம் இருந்தாலோ, இழுக்காமல் கீழே விழுந்திருந்தாலோ முறிவாக இருக்கலாம், முதலில் எக்ஸ்ரே. இனிக் குழந்தையைத் தூக்குவது அக்குளில் கைகொடுத்து மட்டுமே.

ரேடியஸ் எலும்புக்கு வடிவியல் ஆரம் ஏதாவது உண்டா?

உண்டு. தலைத்தட்டு பெரியவர்களில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டம் கொண்டது. ஆனால் அச்சு வட்டம் அல்ல, லேசான நீள்வட்டம். தலை நொறுங்கி உலோகத் தலை பொருத்தும்போது, எடுத்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்துதான் அளவைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய அளவு வைத்தால் மூட்டு இறுகி முழங்கை மடங்காது.

தண்டும் நேரான கோல் இல்லை, வெளிப்பக்கமாக வில்லாக வளைந்தது. அந்த வளைவு இருப்பதால்தான் அது அல்னாவை இடிக்காமல் தாண்டிப் போகிறது. நடுத்தண்டு முறிவுக்குத் தகடு வைக்கும்போது எலும்பை நேராக்கிவிட்டால் முறிவு சேர்ந்த பிறகும் கை முழுதாகக் கவிழாது, மலராது. ஆகவே பெரியவர்களின் முன்கைத் தண்டு முறிவுக்கு மாவுக்கட்டைவிடத் தகடும் திருகும் நல்லது.

மற்ற உயிர்களுக்கும் ரேடியஸ் உண்டா?

முதுகெலும்புள்ள நான்குகாலிகள், பறவைகள் எல்லாவற்றுக்கும். தவளையில் இரண்டும் ஒன்றாகி ரேடியோ அல்னா. குதிரையில் அல்னா குறுகி ரேடியஸோடு ஒட்டிவிட்டது. அதன் முன்கால் நம் கைபோல் திரும்பாது.

வளையல் அளவு 2-4, 2-6 என்பது ஆரமா, விட்டமா?

உள்விட்டம், இன்ச்சில். இரண்டாவது எண் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2-4 என்றால் 2¼ இன்ச், 57 மி.மீ.; 2-6 என்றால் 60 மி.மீ.; 2-8 என்றால் 63.5 மி.மீ. மணிக்கட்டை அளந்து வாங்கினால் ஏறாது, தடை விரல் முட்டிகளில்தான். கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடித்து, முட்டிகளின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுங்கள். 19 செ.மீ. வந்தால் விட்டம் 60.5 மி.மீ. கண்ணாடி வளையல் 2-6 சற்றே சோப்பு நீரில் ஏறிவிடும். தங்கக் காப்பு என்றால் 2-8 வாங்குங்கள்.